ஏஐ எழுதினாலும் கையெழுத்து நம்முடையதுதான்

மூன்று பேர் வேலை செய்யும் ஒரு சிறிய வடிவமைப்பு அலுவலகம் நடத்துகிறேன். லோகோ, விளம்பர வாசகம், இணையதளத்துக்கான எழுத்து, இவைதான் எங்கள் வேலை. இரண்டு வருடமாக ஏஐ இல்லாமல் எங்களுக்கு ஒரு நாளும் ஓடுவதில்லை. அதனால் இதை ஏஐக்கு எதிரான பதிவாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்களுக்கு நடந்த ஒன்றையும், அதற்குப் பிறகு நான் தேடித் தேடிப் படித்ததையும் சொல்கிறேன். சிறுதொழில் செய்பவர்கள் கொஞ்சம் நேரம் ஒதுக்கிப் படியுங்கள்.

போன வருடம் ஒரு நிறுவனம் தனக்கு வந்த புகார்களை எல்லாம் ஓர் எக்செல் கோப்பில் போட்டு எங்களுக்கு அனுப்பியது. புகார் சொன்னவரின் பெயர், தொலைபேசி எண், என்ன வாங்கினார், என்ன குறை, எல்லாம் அதில் இருந்தது. அதை வகைபிரித்து, இணையதளத்தில் போடுவதற்குக் கேள்வி பதிலாக எழுதித் தர வேண்டும். எங்கள் அலுவலகத்துத் தம்பி அந்தக் கோப்பை அப்படியே ஓர் இலவச ஏஐ கருவியில் ஏற்றிவிட்டார். இரண்டு நாள் வேலை அரை மணி நேரத்தில் முடிந்தது. நானும் பாராட்டினேன். அன்று இரவு வேறு ஒரு விஷயத்துக்காக அந்த நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தபோதுதான் அந்த வரி கண்ணில் பட்டது: எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் தகவல்களை மூன்றாம் தரப்புக்குத் தரக் கூடாது.

மறுநாள் தம்பியிடம் கேட்டேன். "நான் யாருக்கும் அனுப்பலையே அண்ணா, வேலைக்குத்தானே போட்டேன்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. தட்டச்சு செய்யும் அந்தப் பெட்டி நம்முடைய நோட்டுப் புத்தகம் மாதிரியே தெரிகிறது. உண்மையில் அதில் போடுவதெல்லாம் இன்னொரு நிறுவனத்தின் சர்வருக்குப் போகிறது. நிபந்தனைகளைப் பொறுத்து அங்கே சேமிக்கப்படலாம், ஏஐயைப் பயிற்றுவிக்கவும் எடுக்கப்படலாம். 2023இல் சாம்சங் ஊழியர்கள் சிலர் நிறுவனத்தின் மென்பொருள் நிரலையே சாட்ஜிபிடியில் ஒட்டிவிட்டதாகத் தெரிய வந்ததும், அந்த நிறுவனம் இப்படிப்பட்ட கருவிகளுக்குத் தடை போட்டது. அவ்வளவு பெரிய இடத்தில் நடந்ததென்றால், சட்டப் பிரிவு என்று ஒன்றே இல்லாத நம் இடத்தில் நடக்க எவ்வளவு நேரம் ஆகும்?

"அழித்துவிட்டால் போச்சு" என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் தொடர்ந்த வழக்கில் 2025 மே மாதம், சாட்ஜிபிடியை நடத்தும் ஓப்பன்ஏஐ நிறுவனத்துக்கு நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. பயனர்கள் அழித்த உரையாடல்களையும் அழிக்காமல் வைத்திருக்க வேண்டும் என்பது அதன் சாரம். சில மாதங்களில் அந்தக் கட்டாயம் விலக்கப்பட்டது. பெருநிறுவனங்களுக்கான கணக்குகளுக்கு அது பொருந்தவும் இல்லை. ஆனால் இலவசக் கணக்கிலும் சாதாரணக் கட்டணக் கணக்கிலும் இருந்தவர்கள் அழித்தது, அத்தனை நாளும் எங்கோ இருந்துகொண்டுதான் இருந்தது. அவர்களுக்கும் அந்த வழக்குக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது.

இதில் சட்டம் யாரைப் பிடிக்கும் என்று பார்த்தேன். ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் ஆனாலும் சரி, இந்தியா 2023இல் கொண்டுவந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆனாலும் சரி, அடிப்படை ஒன்றுதான். தகவலை எதற்காக, எப்படிப் பயன்படுத்துவது என்று முடிவு செய்பவர்தான் முதல் பொறுப்பாளி. வேலையை வேறொருவரிடம் கொடுத்தாலும் அந்தப் பொறுப்பு அவரை விட்டுப் போகாது. அதாவது, நாங்கள் செய்த தவறுக்குப் புகார் சொன்னவர்களிடம் பதில் சொல்ல வேண்டியவர் எங்களை நம்பிக் கோப்பை அனுப்பியவர். அவர் திரும்பி ஒப்பந்தத்தை எடுத்து எங்களைக் கேட்பார். இந்தச் சங்கிலியில் ஏஐ நிறுவனத்தின் பெயர் பெரும்பாலும் வராது.

கேள்விக்குத் தானாகப் பதில் சொல்லும் சாட்பாட்டை இணையதளத்தில் வைத்திருப்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு வழக்கு இருக்கிறது. கனடாவில் ஒருவர், பாட்டி இறந்த துக்கத்தில் ஊருக்குப் போக, ஏர் கனடாவின் இணையதளத்தில் இருந்த சாட்பாட்டிடம் கேட்கிறார். இப்போது முழுக் கட்டணத்தில் டிக்கெட் எடுங்கள், 90 நாளுக்குள் விண்ணப்பித்தால் துக்கச் சலுகை கிடைக்கும் என்கிறது அது. அந்த நிறுவனத்தின் உண்மையான விதியோ, பயணம் முடிந்த பிறகு சலுகை கேட்க முடியாது என்பது. பணம் மறுக்கப்பட்டதும் அவர் தீர்ப்பாயத்துக்குப் போனார். நிறுவனம் வைத்த வாதங்களில் ஒன்று, சாட்பாட் தனக்கென்று பொறுப்புள்ள ஒரு தனிச் சட்ட நபர் என்பது! சரியான விதி வேறு பக்கத்தில் இருக்கிறதே, அதைப் பார்த்திருக்கலாமே என்பது இன்னொன்று. 2024 பிப்ரவரியில் தீர்ப்பாயம் இரண்டையும் தள்ளிவிட்டது. இணையதளத்தில் இருக்கும் எல்லாவற்றுக்கும் நிறுவனமே பொறுப்பு. ஒரு பக்கத்தில் படித்ததை இன்னொரு பக்கத்தில் போய்ச் சரிபார்க்க வேண்டிய அவசியம் வாடிக்கையாளருக்கு இல்லை என்றது.

நஷ்ட ஈடு, வட்டி, கட்டணம் எல்லாம் சேர்த்து 812 கனடிய டாலர்தான். ஒரு விமான நிறுவனத்துக்கு அது கணக்கிலேயே வராது. ஆனால் அதே தவறான பதிலை ஒரு சிறு வியாபாரியின் சாட்பாட் ஐம்பது பேரிடம் சொல்லியிருந்தால்? "பொருள் பிடிக்கவில்லை என்றால் எப்போது வேண்டுமானாலும் பணம் திரும்பத் தருவோம்" என்று அது தானாக வாக்குக் கொடுத்திருந்தால்? கடைப் பையன் ஒருவன் சொன்ன வாக்கை முதலாளி எப்படிக் காப்பாற்ற வேண்டுமோ, அப்படித்தான் இதுவும்.

சரி, தப்பான பதில் தந்த கருவியை விற்றவரிடம் நஷ்டத்தைக் கேட்கலாமா? நீங்கள் பயன்படுத்தும் கருவியின் நிபந்தனைகளை ஒருமுறை பொறுமையாகப் படியுங்கள். வரும் பதில் சரியா என்று பார்ப்பது பயனர் பொறுப்பு என்றும், எது நடந்தாலும் தாங்கள் தருவது இவ்வளவுக்கு மேல் போகாது என்றும் பெரும்பாலும் எழுதியிருக்கும். நாம் படிக்காமல் 'ஒப்புக்கொள்கிறேன்' அழுத்தியது அதற்குத்தான். 2023இல் நியூயார்க்கில் இரண்டு வழக்கறிஞர்கள், சாட்ஜிபிடி கற்பனையாக உண்டாக்கித் தந்த தீர்ப்புகளை உண்மை என்று நம்பி நீதிமன்றத்தில் கொடுத்தார்கள். 5,000 டாலர் அபராதம் அவர்களுக்கும் அவர்களுடைய அலுவலகத்துக்கும்தான் வந்தது. சட்டம் படித்தவர்களுக்கே இந்த நிலைமை.

என் தொழிலுக்கு நெருக்கமான விஷயம் பதிப்புரிமை. மனிதர் யாரும் படைப்பாளியாக இல்லாமல் இயந்திரம் மட்டுமே உண்டாக்கிய படத்துக்குப் பதிப்புரிமை கிடையாது என்று 2025 மார்ச்சில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று உறுதி செய்தது. ஒவ்வொரு நாட்டிலும் இது ஒரே மாதிரி இல்லை. ஒரு பெயரையோ சின்னத்தையோ வணிக முத்திரையாகப் பதிவு செய்வதும் தனிக் கதை. ஆனால் என்னைப் போன்றவர்கள் போடும் ஒப்பந்தத்தில் "இந்தப் படைப்பின் எல்லா உரிமைகளையும் உங்களுக்கு மாற்றித் தருகிறேன்" என்று ஒரு வரி வழக்கமாக இருக்கும். ஏஐயிடம் நான்கு வார்த்தை தட்டி வாங்கிய படத்தில் எனக்கே உரிமை இல்லை என்றால், எதை மாற்றித் தருகிறேன்? போட்டியாளர் அதை எடுத்துப் பயன்படுத்தும் நாளில், காசு கொடுத்தவர் என்னிடம்தான் வந்து நிற்பார்.

மறுபக்கமும் இருக்கிறது. அந்தப் படம் வேறொரு ஓவியரின் படைப்பை அச்சு அசலாக ஒத்திருந்தால், அதை வெளியிட்டவர் மீதும் வழக்கு வரலாம். கட்டணம் செலுத்தும் வணிக வாடிக்கையாளர்கள் மீது அப்படி வழக்கு வந்தால் தாங்களே பார்த்துக்கொள்வதாக மைக்ரோசாஃப்ட் 2023இல் அறிவித்தது. அதற்கும் நிபந்தனைகள் உண்டு. இலவசமாகப் பயன்படுத்துபவர்களுக்கு அது பொருந்தாது.

ஆள் எடுப்பதற்கு மென்பொருளை நம்பியிருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 55 வயதும் அதற்கு மேலும் ஆன பெண்களையும், 60 வயதும் அதற்கு மேலும் ஆன ஆண்களையும் மென்பொருள் தானாகவே நிராகரித்தது என்ற வழக்கில், இணையவழிப் பாடம் நடத்தும் ஒரு நிறுவனம் 2023இல் அமெரிக்காவில் 3,65,000 டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. அப்புறம், ஏஐயை வைத்துத் தங்கள் பொருளுக்குத் தாங்களே மதிப்புரை எழுதிக்கொள்பவர்களே, தயவுசெய்து நிறுத்துங்கள். அதைத் தடை செய்யும் விதி அமெரிக்காவில் 2024 அக்டோபர் முதல் நடைமுறையில் இருக்கிறது. விதி இல்லாத இடத்திலும் அது ஏமாற்று வேலைதான்.

எங்கள் அலுவலகத்தில் இப்போது ஒரு பக்கத்தில் எழுதி ஒட்டியிருக்கிறோம். எந்தக் கருவியை எந்த வேலைக்குப் பயன்படுத்தலாம், பெயரும் எண்ணும் இருக்கும் கோப்பை எதிலும் ஏற்றக் கூடாது, வெளியே போகும் எதையும் ஒருவர் முழுக்கப் படிக்க வேண்டும், யார் படித்தார் என்று குறித்து வைக்க வேண்டும். எழுத அரை நாள் ஆனது. தம்பிதான் எழுதினார்.

புகார்க் கோப்பை அனுப்பியவரிடம் நடந்ததை நானே போன் செய்து சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "நீங்களா சொன்னதால சரி, வெளியில இருந்து எனக்குத் தெரிய வந்திருந்தா வேற மாதிரி ஆகியிருக்கும்" என்றார். ஒரு வாரத்தில் புது ஒப்பந்தம் வந்தது. பயன்படுத்தும் ஏஐ கருவிகளின் பெயரை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்று ஒரு வரி, உடனே ஒத்துக்கொண்டேன். கொடுக்கும் எந்தப் படைப்பிலும் வேறு யாருடைய உரிமையும் கலந்திருக்காது என்று உறுதி தர வேண்டும் என்று இன்னொரு வரி. கையால் வரைந்ததற்கு அந்த உறுதியைத் தருகிறேன், ஏஐ உதவியோடு செய்ததற்கு என்னால் தர முடியாது என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.