கேபின் பெட்டிக்கு ஒரே அளவா?

56 × 45 × 25 செ.மீ. பெட்டியை எந்த விமானத்திலும் கையோடு கொண்டுபோகலாம், அது சர்வதேச விதி என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். அது விமான நிறுவனங்களின் சர்வதேசச் சங்கமான ஐயாட்டா (IATA) தரும் பொதுவான வழிகாட்டல் மட்டுமே. முடிவு செய்வது அந்தந்த விமான நிறுவனம்தான். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 115 செ.மீ.க்குள் இருக்கச் சொல்கிறது. இந்தப் பெட்டிக்குக் கூட்டினால் 126! எமிரேட்ஸ் எகானமியில் 55 × 38 × 22தான்.

உங்கள் டிக்கெட்டில் உள்ள நிறுவனத்தின் இணையதளத்தில் கேபின் பை பற்றிய பக்கத்தைப் பாருங்கள். இணைப்பு விமானம் வேறு நிறுவனத்துடையது என்றால் அதையும் பார்த்துவிடுங்கள். பிறகு பெட்டியைச் சுவரோரம் நிறுத்தி, சக்கரமும் கைப்பிடியும் சேர்த்து டேப்பால் அளந்து பாருங்கள். விலைச்சீட்டில் சில நேரம் சக்கரத்தை விட்டுவிட்டுத்தான் அளவு போடுகிறார்கள்.