களைநெல்லுக்குத் தாய் யார்?

கிழக்கிலங்கையில் இறக்காமத்திலிருந்து கிரான் வரைக்கும், பயிரோடு சேர்ந்து வயலில் வளரும் களைநெல் பற்றிக் கதை எடுத்தால் இரண்டு பதில்தான் வரும். "வெளியில இருந்து வந்த விதையோட வந்தது" என்பார்கள். இல்லாவிட்டால் "குளத்தோரக் காட்டுநெல் வயலுக்குள்ள ஏறிட்டுது" என்பார்கள். இரண்டையும் அடித்துச் சொல்கிறார்கள், ஆதாரம் கேட்பாரில்லை. என் கருத்து என்னவென்றால், இது வாய்ச்சண்டையில் தீரவேண்டிய விஷயமே இல்லை. செடியின் டீ.என்.ஏயைப் பார்த்தால் தீரும். அதற்கு மெஷின் இல்லை, காசு இல்லை என்று அழுகிறோம். உண்மையில் நம்மிடம் இல்லாதது ஒழுங்காகச் சேர்த்து வைத்த மாதிரிகள்.

முதலில் செடியைப் பார்ப்போம். களைநெல்லைக் களையாக்கும் குணங்களில் முக்கியமானவை இரண்டு. அறுவடைக்கு முன்பே மணி உதிரும். உதிர்ந்த மணி உடனே முளைக்காமல் மண்ணில் உறங்கும். பலவற்றில் அரிசியும் சிவப்பாக இருக்கும். காட்டுநெல்லுக்கும் இதே குணங்கள் உண்டு என்பதால்தான் "காட்டிலிருந்து வந்தது" என்ற கதை எடுபடுகிறது.

உதிர்தலை எடுங்கள். நெல்லின் 4ஆம் நிறமூர்த்தத்தில் (குரோமோசோம்) எஸ்எச்4 என்ற பரம்பரையலகு (மரபணு) இருக்கிறது. காட்டுநெல்லில் அதன் ஓரிடத்தில் ஜீ என்ற டீ.என்.ஏ எழுத்து. நாம் பயிரிடும் நெல்லில் ரி. அந்த ஒரு எழுத்து மாறியதில்தான் மணி காம்பில் நின்றது. இது 2006இல் வெளிவந்த கண்டுபிடிப்பு. பிறகு அமெரிக்கக் களைநெல்லில் அதே இடத்தைப் பார்த்தபோது அங்கே இருந்தது காட்டு எழுத்து இல்லை, பயிரின் ரி. ஆனாலும் மணி உதிர்கிறது! அதாவது, அந்தச் செடி பயிர்நெல்லின் வாரிசு. மனிதர் பயிராக்கிய பின், வேறு பரம்பரையலகுகள் வழியாக உதிரும் குணத்தை மறுபடி பெற்றிருக்கிறது. கூர்ப்பு (பரிணாமம்) என்றால் கோடி வருடக் கதை என்று நினைப்பவர்களுக்கு இதைத்தான் காட்ட வேண்டும். வரம்புக்குள்ளேயே, போகத்துக்குப் போகம் நடக்கிறது.

நம் பகுதிக்கும் இதுதான் விடை என்று அர்த்தமில்லை. அமெரிக்காவில் நெல்லுக்குச் சொந்தமான காட்டுநெல் இயல்பாக வளர்வதில்லை, இங்கே வளர்கிறது. இலங்கையில் ஐந்து காட்டுநெல் இனங்கள் உண்டு. ஒரைசா ரைசோமாட்டிஸ் இந்தத் தீவில் மட்டும்தான் வளர்கிறது. ஆனால் ஜெனோமை (செடியின் முழு டீ.என்.ஏ) வைத்துப் பிரித்தால் அதுவும் ஐக்கிங்கெரி என்ற இனமும் சீசீ கூட்டம், கிரானுலாட்டா ஜீஜீ கூட்டம். பயிரோடு இலகுவாகக் கலக்கக்கூடிய ஏஏ கூட்டத்தில் நிவாராவும் ரூஃபிபோகனும் மட்டுமே. ஆகவே சந்தேகப்பட வேண்டியது உலர்வலயக் குளத்தோரங்களில் வளரும் நிவாராவைத்தான். எல்லாக் காட்டுநெல்லையும் ஒரே கூண்டில் ஏற்றத் தேவையில்லை.

சிவப்பு நிறத்தைப் பார்த்தும் ஏமாறலாம். வெள்ளை அரிசி என்பது பெரும்பாலும் ஆர்சீ என்ற பரம்பரையலகில் 14 எழுத்து விடுபட்டதால் வந்தது. அதே ஆர்சீதான் விதை உறக்கத்தையும் கூட்டுகிறது. ஒரு பரம்பரையலகு, இரண்டு குணம். ஆனபடியால் வெள்ளை நெல் மட்டும் விதைக்கும் நாட்டில் சிவப்பு மணி கிடைத்தால் அது ஓரளவு சாட்சி. நம்மூரில் சிவப்பு நெல்லும் விதைக்கிறோமே? பக்கத்து வட்டையில் (வயல்வெளியில்) இருந்து வந்த சாதாரணச் சிவப்பு நெல்லாகவும் அது இருக்கலாம். மணியை உரித்துச் சிவப்பைக் காட்டி "காட்டு இரத்தம்" என்று படம் போடுபவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

சரி, எப்படிச் சேர்ப்பது? இங்குதான் பெரும்பாலான வேலை நாசமாகிறது. களைச்செடியை மட்டும் பிடுங்கி வந்தால் ஒன்றுக்கும் உதவாது. அதே வயலின் பயிர்ச்செடி, அந்த வயலுக்கு விதைத்த விதைநெல்லில் ஒரு பிடி, கிட்டிய குளத்தோர நிவாரா இவ்வளவும் சேர்ந்தால்தான் ஒப்பிட முடியும். வயலுக்கு 20 முதல் 30 களைச்செடிகள், ஒன்றுக்கொன்று ஐந்து மீற்றராவது தள்ளி எடுக்க வேண்டும். பக்கத்தில் பக்கத்தில் பிடுங்கினால் ஒரே தாயின் பிள்ளைகளையே திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருப்போம்.

இலை இளசாக, பூக்க முன் எடுக்க வேண்டும். முற்றிய இலையில் மாப்பொருளும் சிலிக்காவும் கூடுதலாக இருக்கும். பனி ஈரத்தைத் துடைத்துவிட்டு, ஒரு செடிக்கு ஒரு தேயிலைப் பை மாதிரியான தாள் உறையில் போட்டு, இலையின் எடையைப் போல் பத்து மடங்கு சிலிக்கா ஜெல்லுக்குள் (ஈரம் உறிஞ்சும் மணிகள்) புதைக்க வேண்டும். 2 கிராம் இலைக்கு 20 கிராம். 24 மணித்தியாலத்தில் இலை மடக்கினால் முறிய வேண்டும். வளைந்தால் ஈரம் போகவில்லை, டீ.என்.ஏ உள்ளே நொறுங்கத் தொடங்கிவிட்டது. ஜெல்லின் நிறம் மாறினால் உடனே மாற்றுங்கள். மட்டக்களப்பு வாவிப் பக்கத்துக் காற்றுக்குத் திறந்த போத்தல் ஜெல் ஒரு நாளும் தாங்காது. பெயர்ச்சீட்டைப் பென்சிலால் எழுதி உறைக்குள்ளேயே வையுங்கள், பேனை மை மதுசாரம் பட்டால் போய்விடும்.

இலை எடுத்த அதே செடியின் கதிரும் வேண்டும். களைநெல் பூத்து இரண்டு கிழமையிலேயே உதிரத் தொடங்கும். ஆகவே பூத்து முடிந்த கையோடு கதிருக்குத் தாள் உறை கட்டிவிடுங்கள். பிறகு உறையில் விழுந்த மணி எத்தனை, கதிரில் நின்றது எத்தனை என்று எண்ணினால் உதிர்வு வீதம் கிடைக்கும். புதிதாக எடுத்த விதையைத் தட்டுக்கு 50 என்று மூன்று தட்டில் போட்டு ஏழாம் நாள் முளை எண்ணினால் உறக்கம் தெரியும். இந்த இரண்டு எண்ணும் இல்லாமல் ஜெனோம் முழுவதையும் வாசித்தாலும், எந்த எழுத்து எந்தக் குணத்துக்கு என்று இணைக்க ஏலாது. வயல் குறிப்பில்லாத டீ.என்.ஏ கோப்பு எனக்குக் குப்பைதான்.

இலையில் இருந்து டீ.என்.ஏ பிரிக்கும் ஆய்வுகூட வேலை வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழகங்களில் படித்த எவருக்கும் புதிதில்லை. 2 வீத சீ.ரி.ஏ.பி கரைசல் (செல்லை உடைத்து டீ.என்.ஏயை வெளியே எடுப்பது), 65 பாகை, குளோரோஃபோம், குளிர்ந்த ஐசோபுரோப்பனோல். கரைசல் பசைபோல இழுபட்டால் பல்சக்கரைட்டு (மாப்பொருள் போன்றவை) வந்துவிட்டது, இன்னொரு முறை கழுவுங்கள். டீ.என்.ஏயின் தூய்மையை ஒளி உறிஞ்சலால் அளக்கும் 260/280 விகிதம் 1.8 காட்டியதும் சந்தோஷப்பட வேண்டாம். 260/230ஐயும் பாருங்கள், அகரோஸ் ஜெல்லில் ஓடவிட்டு டீ.என்.ஏ முழுசாக இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆர்சீயின் 14 எழுத்து வித்தியாசத்தைச் டீ.என்.ஏ துண்டைப் பெருக்கும் சாதாரண பீ.சீ.ஆரிலேயே பிடிக்கலாம். ஆனால் 1 வீத அகரோசில் ஓடவிட்டால் இரண்டும் ஒரே கோடாகத்தான் தெரியும். 3 முதல் 4 வீதம் வேண்டும்.

தாய் யார் என்று கேட்டால் பச்சையவுருவ (குளோரோபிளாஸ்ட்) டீ.என்.ஏயைப் பாருங்கள். நெல்லில் அது தாய்வழியாக மட்டும் வரும். பச்சையவுருவம் பயிருடையதாகவும் கரு டீ.என்.ஏயில் நிவாராத் துண்டுகளும் இருந்தால், நிவாரா மகரந்தம் பயிர்ப் பூவில் பட்டிருக்கிறது. மாறி இருந்தால் கதை மறுபக்கம். நெல் தன்மகரந்தச் சேர்க்கைப் பயிர் என்பதால் கலப்பு நடந்தபின் ஒவ்வொரு தலைமுறையிலும் கலப்புநிலை (தாயின் எழுத்தும் தந்தையின் எழுத்தும் வேறுபட்டு நிற்கும் இடங்களின் வீதம்) பாதியாகும்: 50, 25, 12.5. ஒரு செடியில் அது பாதிக்குக் கிட்ட நின்றால் கலப்பு கிட்டடியில் நடந்தது என்று விளங்கும்.

முழு ஜெனோமுக்குப் போவதென்றால் கணக்குச் சின்னது. நெல் ஜெனோம் சுமார் 39 கோடி எழுத்து, ஒவ்வோர் எழுத்தையும் பத்து முறை வாசிக்க ஒரு செடிக்கு ஏறக்குறைய 400 கோடி. பிழை விடுவது அதற்குப் பிறகுதான். எல்லாரும் ஒப்பிடுவது 2005இல் ஜெனோம் வாசித்து முடிந்த நிப்பொன்பாரே என்ற யப்பான் நெல்லோடு. அந்த நெல்லில் வெள்ளம் தாங்க உதவும் சப்1ஏ என்ற பரம்பரையலகு அறவே இல்லை. நம்நாட்டுப் பழைய நெல்வகைகளான குர்கறுப்பனிலும் கொட ஹீனட்டியிலும் இருக்கிற பரம்பரையலகு அது. நிப்பொன்பாரேயை மட்டும் அளவுகோலாக வைத்தால், அதில் இல்லாதது நம் செடியில் இருந்தாலும் கண்ணில் படாது. நெல்லின் மற்றப் பெரிய பிரிவான இந்திகாவின் ஒரு ஜெனோமோடும் கட்டாயம் பொருத்திப் பாருங்கள். செடியின் டீ.என்.ஏ எந்தெந்த மூதாதையரிடமிருந்து வந்தது என்று நிறம் பிரித்துக் காட்டும் கலப்பு வரைபடத்தில் நிவாராவின் நிறம் களைநெல்லில் தெரிந்தவுடன் தீர்ப்பு எழுதவும் வேண்டாம். நிவாராவும் பயிரும் நெருங்கிய சொந்தம், கலக்காமலேயே பல எழுத்துகள் பொதுவாக இருக்கும். ஒப்பிட இன்னொரு தூரத்துச் சொந்த நெல்லினத்தையும் சேர்த்து, பயிரைவிடக் களைநெல் நிவாராவோடு கூடுதலாகப் பகிர்கிறதா என்று எண்ணிய பிறகுதான் கலப்பைப் பற்றிப் பேசலாம்.

"மரபணு ஆய்வு" என்றதும் மரபணு மாற்றம் என்று கொடி பிடிப்பவர்களுக்கு: இதில் யாரும் எதையும் மாற்றவில்லை, வாசிக்கிறார்கள்.

விடையைப் பொறுத்து வயலில் செய்ய வேண்டியது மாறும். இலங்கைக் களைநெல்லைப் பார்த்த 2014ஆம் ஆண்டு ஆய்வொன்று, வயலுக்கு வயல் விதை கலப்பதால்தான் அதன் பல்வகைமை கூடுகிறது என்று காட்டியது. அப்படியென்றால் முதலில் விதைநெல்லையும் வெட்டும் மெஷினையும் பார்க்க வேண்டும். கிலோவுக்கு ஒரே ஒரு களைமணி என்றாலும், ஏக்கருக்கு இரண்டு புசல் (நாற்பது கிலோவுக்குச் சற்று மேல்) விதைத்தால் நாற்பதுக்கு மேற்பட்ட களைச்செடி நம் கையாலேயே விதைத்ததாகும். மெஷின் வட்டைக்குள் இறங்க முன் அதன் தொட்டியும் சல்லடையும் துப்புரவாக வேண்டும், கூலி நேரம் போகிறது என்று ஓட்டுனர் முணுமுணுத்தாலும். நிவாராதான் காரணம் என்றால் பூக்க முன் வாய்க்கால் ஓரத்தை வெட்ட வேண்டும், குளத்துக்கட்டை அல்ல. அங்குள்ள நிவாராவை அழித்தால் நாளைய நெல்லுக்கு வேண்டிய குணங்களும் போகும். விடை வரும்வரை ஒன்று செய்யலாம். அறுவடை முடிந்த கையோடு உழாதீர்கள், புதைந்த களைமணி வருடக்கணக்கில் உறங்கும். மேலேயே கிடக்கட்டும், பறவையும் எலியும் தின்னும். அடுத்த விதைப்புக்கு முன் தண்ணீர் கட்டி முளைக்கவிட்டு உழுது அழித்து, இன்னொரு முறையும் அப்படியே செய்த பிறகு விதையுங்கள்.