37 நாட்களைத் தாண்டிக் குதிக்காதீர்கள்

பத்தாம் வகுப்பு சமூக அறிவியலில் முதல் பாடமே முதல் உலகப்போர்தான். கூட்டணிகள், ராணுவவாதம், தேசியவாதம், உடனடிக் காரணம் சரயேவோ படுகொலை என்று பிள்ளைகள் கடகடவென ஒப்பிப்பார்கள். "போஸ்னியாவில் ஆஸ்திரிய இளவரசரைச் சுட்டால் ஜெர்மன் படை ஏன் பெல்ஜியத்துக்குள் போக வேண்டும்?" என்று கேளுங்கள், வகுப்பே அமைதியாகிவிடும். தப்பு பிள்ளைகள் மேல் இல்லை. 1914 ஜூன் 28-லிருந்து ஆகஸ்ட் 4 வரையான 37 நாட்களை நாம் ஒரே மூச்சில் தாண்டிவிடுகிறோம்.

ஒரு பெரிய தாளை எடுங்கள். மேலே ஆறு கட்டம்: செர்பியா, ஆஸ்திரியா-ஹங்கேரி, ரஷ்யா, ஜெர்மனி, பிரான்ஸ், பிரிட்டன். இடது ஓரத்தில் தேதிகள். அன்றன்று யார் என்ன முடிவெடுத்தார்கள் என்பதை மட்டும் அந்தந்தக் கட்டத்தில் எழுத வேண்டும். ஜூலை 5, 6-ல் "என்ன ஆனாலும் கூட நிற்போம்" என்று ஆஸ்திரியாவுக்கு ஜெர்மனி வாக்குக் கொடுக்கிறது. அதற்குப் பிறகு ஜூலை 23 வரை தாள் ஏறக்குறைய காலி. ஏன் காலி என்று பிள்ளைகளே கேட்பார்கள், கேட்கட்டும். அப்போது பிரெஞ்சு ஜனாதிபதி புவான்கரே ரஷ்யாவுக்குப் போயிருந்தார். அவர் அங்கிருந்து கப்பலேறும்வரை காத்திருந்துதான் செர்பியாவிடம் கோரிக்கைகளை நீட்டி 48 மணி நேரக் கெடு வைத்தது ஆஸ்திரியா. செர்பியா ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் இறங்கி வந்தது. தன் மண்ணில் நடக்கும் விசாரணையில் ஆஸ்திரிய அதிகாரிகள் உட்காருவதை மட்டும் ஏற்கவில்லை. ஜூலை 28-ல் போர்.

பெல்ஜியம் கேள்விக்கு விடை ஜெர்மன் கட்டத்தில் இருக்கிறது. செர்பியாவுக்காக ரஷ்யாவும் அதன் கூட்டாளி பிரான்ஸும் வந்தால், ரஷ்யா படை திரட்ட நாளாகும், அதற்குள் ஆறு வாரத்தில் பிரான்ஸை முடித்துவிட்டுக் கிழக்கே திரும்பலாம் என்பது அவர்களுடைய திட்டம். பிரான்ஸ் எல்லையில் கோட்டைகள். அதனால் வழி பெல்ஜியம். ஜூலை 30-ல் ரஷ்யா முழுப் படைதிரட்டலுக்கு உத்தரவிட்டதும் ஜெர்மனிக்கு ஒவ்வொரு நாளும் நஷ்டக் கணக்காகிவிட்டது. பெல்ஜியத்தின் நடுநிலையைக் காப்பதாக 1839-லேயே ஒப்பந்தம் போட்டிருந்த பிரிட்டன் ஆகஸ்ட் 4-ல் போருக்குள் வந்தது. இதைத் தேதிவாரியாகப் பார்த்த பிள்ளைக்கு மனப்பாடமே தேவையில்லை.

விடைத்தாளில் அடிக்கடி வரும் பிழை ஒன்று: ஜெர்மனி, ஆஸ்திரியா-ஹங்கேரியோடு முக்கூட்டு உடன்படிக்கையில் இருந்ததால் இத்தாலி ஜெர்மனி பக்கம் போரிட்டது என்று எழுதிவிடுவார்கள். இத்தாலி 1914-ல் ஒதுங்கி நின்றது, 1915 மே மாதம் எதிரணியில் சேர்ந்தது. உடன்படிக்கைப் பட்டியலையும் போர் அணிப் பட்டியலையும் ஒன்றாக நினைப்பதால் வரும் குழப்பம் இது. இரண்டையும் தனித்தனித் தாளில் எழுத வையுங்கள்.

தாளின் அடியில் இன்னொரு தேதிக்கு இடம் விடுங்கள்: செப்டம்பர் 22. அன்று இரவு எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்துப் பர்மா ஆயில் தொட்டிகளைச் சுட்டு எரித்தது. "அவன் சரியான எம்டன்" என்று நம் வீடுகளில் சொல்வது அங்கிருந்து வந்ததுதான். குண்டு பட்ட இடத்தில் உயர் நீதிமன்றச் சுவரில் கல்வெட்டு இருக்கிறது. சென்னைப் பள்ளிகள் பிள்ளைகளை அந்தத் தாளோடு அங்கே கூட்டிப் போகலாம், ஒரு காலைப் பொழுது போதும்.