நைட்ரஜன் யார் ஊற்றுவது?

செத்தவர்களை உறைய வைக்கும் கிரையோனிக்ஸ் பற்றிப் பேச்சு வந்தாலே, உயிர் திரும்புமா என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். என் சந்தேகம் வேறு. அதுவரை நைட்ரஜன் யார் ஊற்றுவது?

பெரிய ஃபிளாஸ்க் மாதிரி ஒரு தொட்டி. உள்ளே மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜன். அதில் உடலைத் தலைகீழாக நிறுத்துகிறார்கள். நைட்ரஜன் குறைந்தால் முதலில் கால் வெளியே வரட்டும், மூளை கடைசிவரை முங்கியிருக்கட்டும் என்ற கணக்கு. மின்சாரம் வேண்டாம். ஆனால் ஆவியாக ஆவியாக நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும்.

இப்படி உறைந்த முதல் ஆள் ஜேம்ஸ் பெட்ஃபோர்டு, கலிஃபோர்னியாவில் உளவியல் பேராசிரியர். 1967 ஜனவரியில் இறந்தார். இன்று அரிசோனாவில், ஆல்கார் நிறுவனத்தின் தொட்டியில் இருக்கிறார். நடுவில் இடம் மாறி இடம் மாறி, சில வருஷம் குடும்பத்தாரே வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். 1974-க்கு முன்னால் உறைய வைத்தவர்களில் இன்னும் உறைந்திருப்பவர் இவர் ஒருவர்தான்.

மற்றவர்கள்? பெட்ஃபோர்டை உறைய வைத்த குழுவில் முன்னால் நின்றவர் ராபர்ட் நெல்சன், டிவி ரிப்பேர்க்காரர். அப்புறம் சாட்ஸ்வர்த் கல்லறைத் தோட்டத்தில் நிலவறை ஒன்றில் சிலரை வைத்திருந்தார். உறவினர்கள் பணம் தருவது நின்றது, நைட்ரஜனும் நின்றது. 1979-ல் விஷயம் வெளியே வந்தபோது ஒன்பது உடல்கள் அழுகிப் போயிருந்தன. வழக்கு, நஷ்டஈடு எல்லாம் நடந்தது. செத்தவர்கள் இரண்டாம் முறை செத்ததுதான் மிச்சம்.

அறிவியலை நான் கேலி செய்யவில்லை. 2023-ல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில், 100 நாள் உறைய வைத்த எலிச் சிறுநீரகத்தை எடுத்து வேறு எலிக்குப் பொருத்தி வேலை செய்ய வைத்தார்கள். பெரிய சாதனைதான். ஆனால் எலியின் சிறுநீரகம் எங்கே, ஒரு மனுஷனின் மூளை எங்கே!

மிச்சிகனில் ராபர்ட் எட்டிங்கர் தொடங்கிய கிரையோனிக்ஸ் இன்ஸ்டிடியூட்டில் 28,000 டாலர் கட்டினால் இடம் உண்டு. எட்டிங்கரின் அம்மா, இரண்டு மனைவிகள் எல்லாரும் அங்கேதான். 2011-ல் அவரும் போய்ச் சேர்ந்தார். எல்லாரும் ஒன்றாக எழுந்தால் முதல் பஞ்சாயத்து அந்தக் குடும்பத்தில்தான் நடக்கும்.

நாய், பூனைகளையும் அங்கே வைக்கிறார்கள். இதில்தான் என் மனசு கொஞ்சம் தடுமாறியது. எங்கள் மணியை முருங்கை மரத்தடியில் புதைத்தோம். நாங்கள் ஒரு நாள் வெளியூர் போனாலே சோற்றைத் தொடாமல் கேட்டைப் பார்த்துக் கிடக்கும். அதை இருநூறு வருஷம் கழித்து எழுப்பி விட்டால், யார் செருப்பை மோந்து பார்க்கும்?