மீலியில் ஜீன் இருக்கட்டும், அடைக்கலப் பாத்தி எங்கே?

பூச்சியை எதிர்க்க மரபணு மாற்றிய பிடி (Bt) கத்தரிக்காய் வீடியோ மறுபடியும் டர்பன் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. சாம்பாரில் போடாதீர்கள் என்று கூடவே ஓர் எச்சரிக்கை. தென்னாப்பிரிக்காவில் பிடி கத்தரி பயிராவதே இல்லை. இந்தியாவிலேயே 2010-இல் அதை நிறுத்தி வைத்துவிட்டார்கள். இங்கே விவசாயிகள் விதைக்கும் மரபணு மாற்றுப் பயிர்கள் மக்காச்சோளம், சோயா, பருத்தி ஆகிய மூன்றுதான். நம் வீட்டில் பாப் களி கிண்டுகிற வெள்ளை மீலி, அதாவது வெள்ளை மக்காச்சோளம், அந்த வரிசைக்கு வந்தே இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

தின்னலாமா கூடாதா என்று கத்துகிறவர்கள் வயலைப் பார்ப்பதில்லை என்பதுதான் என் கோபம்.

முதல் தலைமுறை பிடி மீலியான மான்810 (MON810) ரகம் ஜீன் துப்பாக்கியால் செய்யப்பட்டது. பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் (இதன் சுருக்கம்தான் பிடி) என்ற மண் பாக்டீரியாவின் க்ரை1ஏபி மரபணுவை நுண்ணிய உலோகத் துகள்களில் பூசி, மக்காச்சோளத் திசுவுக்குள் சுடுவார்கள். அது எந்தக் குரோமோசோமில் போய் ஒட்டும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் நிறைய செல்களில் முயன்று, முழுச்செடியாக வளர்த்து, நன்றாக வேலை செய்கிற ஒன்றைப் பொறுக்குவார்கள். பிறகு அதை நல்ல ரகங்களோடு தலைமுறை தலைமுறையாகக் கலப்புச் செய்வார்கள். அந்த மரபணுவுக்குரிய புரதத்தைச் செடி தானே தயாரிக்கும். இலையைக் கடித்த புழுவின் காரத்தன்மையுள்ள குடலில் அது கரைந்து, குடல்சுவரில் ஓட்டை போடும். புழு தின்பதை நிறுத்திச் சாகும். மனித வயிறு அமிலம். அந்தப் புரதம் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகளும் நம் குடலில் இல்லை.

சிக்கல் தொடங்குவது விதை மூட்டையைப் பிரித்த பிறகுதான். பிடி விதைத்தால் பக்கத்திலேயே பிடி இல்லாத மக்காச்சோளமும் விதைக்க வேண்டும். அதுதான் அடைக்கலப் பாத்தி. பூச்சி மருந்து அடிக்காமல் விடுவதானால் மொத்தப் பரப்பில் 5 சதவீதம், அடிப்பதானால் 20 சதவீதம். பத்து ஹெக்டேரில் அரை ஹெக்டேர் அல்லது இரண்டு ஹெக்டேர். விஷத்தைத் தாங்கிப் பிழைத்த ஓரிரு அந்துப்பூச்சிகள் இந்தப் பாத்தியில் வளர்ந்த சாதாரணப் பூச்சிகளோடு கலந்தால், பிறக்கும் குஞ்சுகள் பிடி செடியில் செத்துப்போகும் என்பது கணக்கு.

வைக்காமல் விட்டவர்கள் நிறையப் பேர். வடமேற்கு மாகாணத்தின் கிறிஸ்டியானா பக்கம் பாசன வயல்களில் தண்டுத் துளைப்பான் புழு பிடி மீலியைத் தின்று உயிரோடு இருப்பது 2007-இல் பதிவானது. பிற்பாடு இன்னொரு சங்கடமும் தெரிந்தது. எதிர்ப்புக் குணம் ஒடுங்கு பண்பு, அதாவது தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளிப்படும், என்று எண்ணித்தான் கணக்கே போட்டிருந்தார்கள். இந்தப் புழுவிடம் அது ஒருவரிடமிருந்து வந்தாலே வெளிப்படுகிற ஓங்கு பண்பாக இருந்தது. கலப்புக் குஞ்சும் பிழைத்துக்கொண்டது. ஆக, பாத்தி வைத்திருந்தாலும் தள்ளிப்போட்டிருக்கலாம், தடுத்திருக்க முடியாது. 2007-க்குப் பிறகுதான் இரண்டு வெவ்வேறு புரதங்களைச் சேர்த்த மான்89034 ரகம் வந்தது. 2017-இல் படைப்புழு என்ற இன்னொரு பூச்சி நாட்டுக்குள் நுழைந்தபோது பழைய ஒற்றைப் புரத ரகம் அரைகுறையாகத்தான் தாங்கியது.

இப்போதும் நடக்கிற தவறுகள் வேறு. பிடியும் களைக்கொல்லி எதிர்ப்பும் சேர்ந்த விதையை விதைத்துவிட்டு, அடைக்கலத்துக்குச் சாதாரண விதை போடுவார்கள். கிளைபோசேட் களைக்கொல்லி அடிக்கும் வண்டி வயல் முழுக்க ஓடும். ஒரு வாரத்தில் அடைக்கலம் மஞ்சளாகிக் கருகிக் கிடக்கும். அங்கே போட வேண்டியது பிடி இல்லாத, ஆனால் கிளைபோசேட் தாங்குகிற விதை. இன்னும் சிலர் இரண்டு விதையையும் ஒரே பெட்டியில் கலந்து விதைக்கிறார்கள். தண்டுத் துளைப்பான் புழு செடி விட்டுச் செடி தாவும். சாதாரணச் செடியில் பெருத்துவிட்டு பிடி செடிக்கு வந்தால் சாகாது. அதனால் தனிப் பாத்திதான், அதே நாளில் விதைத்ததாக, அதே தண்ணீர் பாய்கிறதாக. காய்ந்த மூலையில் வைத்தால் அந்துப்பூச்சி அந்தப் பக்கமே போகாது.

சின்னத் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு: போன வருஷக் கதிரில் விதை எடுத்து வைக்காதீர்கள். விதைக் கம்பெனி ஒப்பந்தம் ஒரு பக்கம் இருக்கட்டும். வீரிய ரகத்தில் பிடி மரபணு பெரும்பாலும் ஒற்றைப் பிரதி. அடுத்த தலைமுறையில் நான்கில் மூன்று விதையில்தான் அது இருக்கும். வீரியமும் குறையும். பக்கத்து வயல் மகரந்தமும் காற்றில் வந்து சேரும். கலந்து விதைத்த அதே கோளாறுதான், காசு கொடுக்காமலே கிடைக்கும்.

குருத்தைப் பிரித்துப் பாருங்கள். ஊசி முனை அளவு ஓட்டை மட்டும் இருந்தால் பயமில்லை. புழு கடித்துப் பார்த்துச் செத்திருக்கும். மரத்தூள் மாதிரி எச்சமும் நடுக்குருத்து வாடலும் தண்டுக்குள் கொழுத்த புழுவும் பிடி செடியிலேயே கண்டால், முதலில் மூட்டைச் சீட்டைத் தேடி எடுங்கள். ரகம் சரிதான் என்றால் விதை விற்றவருக்கு அன்றைக்கே சொல்லுங்கள், புழுவை ஒரு டப்பாவில் உயிரோடு வைத்துக்கொண்டு.