நேரம் கிடைக்கல, எடுத்துக்கிட்டேன்

போன ஞாயிற்றுக்கிழமை நான் வரைஞ்சு இங்கே போட்ட அந்தக் கை ஓவியம், அதுக்குக் கீழே வந்த கருத்துகள், அப்புறம் குடும்ப வாட்ஸ்அப் குழு வரைக்கும் அது போனது எல்லாம் உங்கள்ல பாதிப் பேருக்குத் தெரியும். மறுபடி விவரிக்க மனசில்லை. ஆனா அதுல ஒருத்தங்க எழுதின அந்த ஒரு வரியை மட்டும் விட முடியல.

"உனக்கென்னம்மா, நேரம் நிறைய இருக்கு."

நாலு நாளா எழுதி எழுதி அழிக்கிறேன். "அவங்க மேல எனக்குக் கோபமே இல்லை"ன்னுதான் முதல்ல ஆரம்பிச்சேன். அதையும் அழிச்சுட்டேன். கோபம் இருக்கு.

எனக்கு நேரம் நிறைய இல்லை. காலையில ரெண்டு பிள்ளைகளைக் கிளப்பிவிட்டு அலுவலகம் ஓடணும். சாயங்காலம் வீட்டுப்பாடம், துவைச்சது மடிக்கிறது, மாமியாருக்கு மாத்திரை. படுக்கப்போற நேரத்துல அலுவலகத்துலேருந்து "இதை மட்டும் பார்த்துடுங்க"ன்னு ஒரு மெயில். உங்க வீட்டுலயும் இதேதான்னு தெரியும், அனுதாபத்துக்காகச் சொல்லல. இதுக்கு நடுவுல எங்கேயும் எனக்கு நேரம் கிடைக்கல. விடிகாலை 5 மணிக்கு எழுந்து எடுத்துக்கிட்டேன். ஒரு நாளைக்கு 20 நிமிஷம். அந்த ஒரு கைக்கு 9 நாள் ஆச்சு. மொத்தம் 3 மணி நேரம், ஒரு சினிமா பார்க்கிற நேரம். படம் பார்த்திருந்தா "பாவம், ஓய்வெடுக்கிறா"ன்னு சொல்லியிருப்பீங்க. வரைஞ்சதால நேரம் நிறைய இருக்கிறவ ஆயிட்டேன்.

11 வருஷம் நான் பென்சிலைத் தொடல. மூத்தவ வயித்துல இருந்தப்போ கட்டி வெச்ச பெட்டி. திறந்தா படம் வரையற 4பி பென்சில் பாதி தீர்ந்து அப்படியே கிடக்கு. அழிரப்பர் கல்லு மாதிரி இறுகிப்போய், தேய்ச்ச இடமெல்லாம் தாளைக் கறுப்பாக்குச்சு. முதல் கோடு இழுத்தப்போ கை நடுங்குச்சு. அன்னைக்கு வரைஞ்சது கையா, கையுறையான்னு தெரியாத ஒரு உருவம். மூடி வெச்சுட்டு அலுவலகம் போயிட்டேன். சந்தோஷம் ஒண்ணும் வரல. அழுகைதான் வந்துச்சு.

இதை ஏன் சொல்றேன்னா, உள்பெட்டியில நிறையப் பேர் கேட்டிருந்தீங்க, "எனக்கு அந்த ஆர்வமே செத்துப்போச்சு, உங்களுக்கு எப்படித் திரும்பி வந்துச்சு?"ன்னு. எனக்கும் வரல. அது வரட்டும்னு காத்திருந்ததுலதான் 11 வருஷம் போச்சு. மனச்சோர்வுக்கான சிகிச்சையிலேயே இப்படி ஒரு முறை உண்டு. மனசு சரியானதும் செய்யலாம்னு காத்திருக்க விடமாட்டாங்க. சின்னதா ஒண்ணைச் செய்யச் சொல்வாங்க, மனசு பின்னாடி வரும்னு. எனக்கும் அப்படித்தான் ஆச்சு. ரெண்டாவது வாரம், விரலைப் பார்க்காம விரல்களுக்கு நடுவுல இருக்கிற வெற்றிடத்தைப் பார்த்து வரைஞ்சேன். முன்னாடி கத்துக்கிட்டது, மூளை மறந்தாலும் கை மறக்கல. சட்டுனு கை கையா நின்னுச்சு. சுண்டுவிரல் ஓரமெல்லாம் கரி. அன்னைக்குப் பூரா அலுவலகத்துல அந்தக் கறுப்பைக் கழுவாமலே உட்கார்ந்திருந்தேன்.

"ஒரு நாள் விட்டுட்டா எல்லாம் போச்சு"ன்னு பயப்படுறவங்களுக்கு: லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ்ல 96 பேரை வெச்சு ஒரு பழக்கம் படிய எத்தனை நாள் ஆகுதுன்னு பார்த்தாங்க, 2010ல வந்த ஆய்வு. சராசரி 66 நாள். ஆனா ஆளுக்கு ஆள் 18 நாள்லேருந்து 254 நாள் வரைக்கும் வித்தியாசம். நடுவுல ஒரு நாள் தவறுனதால பெருசா ஒண்ணும் கெட்டுப்போகல. சின்னவனுக்குக் காய்ச்சல் வந்து 4 நாள் நானும் பென்சிலைத் தொடல. ஒண்ணும் ஆகல.

உடனே "பெரிய பெரிய ஆளுங்க எல்லாம் விடியக்காலையில எழுந்து சாதிச்சாங்களே"ன்னு ஆரம்பிப்பீங்க. அதுலயும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. 19ஆம் நூற்றாண்டு ஆங்கில நாவலாசிரியர் ஆந்தனி டிரோலப் தபால் துறையில வேலை பார்த்த காலத்துலயே, காலை 5.30க்கு உட்கார்ந்து, கடிகாரத்தை எதிர்ல வெச்சு, கால் மணி நேரத்துக்கு 250 வார்த்தைன்னு எழுதினார், வாழ்நாள்ல மொத்தம் 47 நாவல். எல்லாரும் அதைச் சொல்றாங்க. அவரை எழுப்பிக் காபி கொடுக்க ஒரு வேலையாள் இருந்தார்ங்கிறதை யாரும் சொல்றதில்லை. டிரோலப்பே அந்த ஆளுக்கு நன்றி சொல்லி எழுதியிருக்கார், அதுக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும். நான் நினைச்சுக்கிறது அமெரிக்க எழுத்தாளர் டோனி மாரிசனை. பதிப்பகத்துல வேலை, தனியா வளர்க்க வேண்டிய ரெண்டு ஆண் பிள்ளைகள். பிள்ளைகள் எழுறதுக்கு முன்னாடி எழுந்து எழுதினாங்க. முதல் நாவல் வந்தது 1970ல, 39 வயசுல. கனடா எழுத்தாளர் ஆலிஸ் மன்றோ குழந்தைகள் தூங்குற நேரத்துல எழுதினாங்க. நாவலுக்கான நேரம் இல்லாததால சிறுகதை. அந்தச் சிறுகதைகளுக்குத்தான் 2013ல நோபல் பரிசு. இவங்களுக்கு நேரம் நிறைய இருந்துச்சுன்னு யாராவது சொல்வீங்களா?

"நீ என்ன நோபல் வாங்கப்போறியா?" இதுவும் வந்துச்சு. இல்லை. விற்கப் போறதும் இல்லை. "விற்கலாமே, பக்கம் ஆரம்பி"ன்னு அன்பா சொன்னவங்களுக்கும் அதே பதில்தான். 1973ல மார்க் லெப்பர்ங்கிற உளவியலாளரும் கூட ரெண்டு பேரும் சேர்ந்து, வரையறதுன்னா ஏற்கனவே உயிரா இருந்த சின்னக் குழந்தைகளை வெச்சு ஒரு சோதனை பண்ணாங்க. ஒரு குழுவுக்கு "வரைஞ்சா ரிப்பன் வெச்ச சான்றிதழ் தருவோம்"னு முன்கூட்டியே சொன்னாங்க. ஒண்ணு ரெண்டு வாரம் கழிச்சுப் பார்த்தா, அந்தக் குழந்தைகள் வரையற நேரம் மத்த குழந்தைகளோட ஒப்பிட்டா ஏறக்குறைய பாதியாயிடுச்சு. எனக்கு அந்தச் சான்றிதழ் வேண்டாம். என் வாழ்க்கையில மத்த எல்லாத்துக்கும் ஒரு பயன் காட்ட வேண்டியிருக்கு. இந்த 20 நிமிஷத்துக்கும் கணக்குக் காட்டச் சொல்லாதீங்க.

ரெண்டு இடத்துல வேலை பார்க்கிறவங்க, கைக்குழந்தை வெச்சிருக்கிறவங்க என்ன பண்ணுவாங்கன்னு ஒரு தோழி கேட்டா. நியாயமான கேள்வி. சின்னவன் ராத்திரி மூணு தடவை எழுந்த காலத்துல யாராவது என்கிட்ட "5 மணிக்கு எழுந்து வரை"ன்னு சொல்லியிருந்தா அவங்க முகத்துலயே முழிச்சிருக்கமாட்டேன். அந்தக் காலத்துக்குத் தூக்கம்தான் தேவை. அவங்களுக்கு நான் எந்த உபதேசமும் சொல்லல.

ஆனா "அந்த நேரத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமே"ன்னு கேட்டவங்களுக்கு என்கிட்ட பொறுமை இல்லை. பிள்ளைகள் தூங்குற நேரம் அது. அவங்களை எழுப்பி உட்கார வெச்சுக் கொடுக்கணுமா? இதே கேள்வியை ஓடப்போற அப்பாக்கள்கிட்ட, ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் ஆடுற அப்பாக்கள்கிட்ட கேட்டீங்களா? நான் பார்த்ததில்லை.

என்னைக் குத்துறது வேற ஒண்ணு. வரைய ஆரம்பிச்சு ஒரு மாசம்தான் ஆகுது. "ஏன்?"னு இத்தனை பேர் கேட்டாச்சு. 11 வருஷம் முன்னாடி நிறுத்தினேனே, அப்போ ஏன்னு ஒருத்தர் கேட்டீங்களா? வீட்டுல ஒருத்தர்? பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டினப்போ பக்கத்துல மூணு பேர் இருந்தாங்க. "நல்லவேளை, இடம் அடைச்சுக்கிட்டிருந்துச்சு"ன்னாங்க. நானும் சிரிச்சுக்கிட்டே ஆமான்னேன். அந்த ஆமாவுக்காக இன்னைக்கு வரைக்கும் நான் என்னை மன்னிக்கல.

அக்கா, இதை நீங்க படிப்பீங்கன்னு தெரியும். அந்த வரியை எழுதினது நீங்கங்கிறதாலதான் இவ்வளவு வலி. வேற யாராவதுன்னா ஒரு நாள்ல மறந்திருப்பேன். நீங்க பாடுவீங்க. மொட்டை மாடியில துணி காயப்போட்டுக்கிட்டே பாடுவீங்க, கீழே நான் படிக்கிற மாதிரி உட்கார்ந்து கேட்டுக்கிட்டே இருப்பேன். எப்போ நிறுத்தினீங்க? அதை நானும் உங்ககிட்ட கேட்கலையே. இத்தனை வருஷத்துல ஒரு தடவை கேட்டிருக்கலாம். கேட்கல. அது என் தப்புதான்.

இப்போ கேட்கிறேன். பதில் இங்கே வேண்டாம், போன் பண்ணுங்க. கோபம் முழுசா போகல, ஆனா எடுப்பேன்.

அப்புறம் அந்த ஓவியத்துல கட்டைவிரல் சரியில்லை. மூத்தவதான் கண்டுபிடிச்சா. "அம்மா, என் நகத்தை விட்டுட்டியே"ன்னு கையை என் கண்ணுக்கு நேரா நீட்டினா. நாளைக்குக் காலையில அந்த விரலை மட்டும் மறுபடி போடணும். புது அழிரப்பர் வாங்கிட்டேன்.