கோவிலுக்குள் கள் ஊற்றியது யார்?

காவடிக்கு இன்னும் நான்கே நாள். மொரீஷியஸின் ரோஸ் ஹில்லில் கொடுக்கப்போகும் பாட்டுப் புத்தகத்தின் பிடிஎஃபைத் திறக்கிறேன். மூன்றாம் பக்கத்தில் ‘மொரீஷியஸ் முருகன் கோவில் கள்’ என்று நிற்கிறது. கோவில். கள். அதுவும் விரத நாளில்! அம்மா பார்த்திருந்தால் துடைப்பத்தைத் தூக்கியிருப்பார்.

நான் அடித்தது ‘கோவில்கள்’. ‘கோவில்’ மட்டும் தடித்த எழுத்தில் வரட்டும் என்று ஒரு டேக் (சொல்லின் முன்னும் பின்னும் வைக்கும் குறி) போட்டேன், ‘கள்’ வெளியே ஒட்டியிருந்தது. சித்தி மகன் டேக்குகளோடு எழுதிய அந்த எக்ஸ்எம்எல் கோப்பைத் திறந்து பார்த்தானாம். “அக்கா, ஒரே அலங்கோலமா இருந்துச்சு, அழகா அடுக்கி வெச்சுட்டேன்.” சேமித்ததும் தானாக இன்டென்ட் செய்யும், அதாவது வரிகளை உள்தள்ளி அடுக்கும், எடிட்டர் அவனுடையது. டேக்குகளைத் தனித்தனி வரியில் தள்ளி, முன்னால் நான்கு ஸ்பேஸ் வைத்துவிட்டது. எக்ஸ்எம்எல்லில் டேக்குக்கு வெளியே இருக்கும் ஸ்பேஸும் எழுத்துதானே! விகுதியைப் பிய்த்தால் தமிழ் என்ன ஆகும் என்று அதற்கென்ன கவலை? மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் இந்திக்குக் கீழே போனதற்கு 1998-ல் நாம் கொதித்தோம், நோட்டையே மாற்றினார்கள். இந்த ஸ்பேஸை யாரிடம் போய்க் கேட்பது?

பாட்டுகளின் கதி இன்னும் மோசம். பக்கங்களை அமைக்கும் மொழியான எக்ஸ்எஸ்எல்-எஃப்ஓ, சும்மா விட்டால் வரி முறிவை ஸ்பேஸாக எடுத்துக்கொள்ளும். நாலு வரிப் பாட்டு உரைநடையாக ஓடியது. சரி, எல்லா வெற்றிடத்தையும் அப்படியே வை என்றேன். வைத்தது! தம்பியின் இன்டென்ட் அத்தனையும் சேர்த்து வைத்ததில், பாட்டு பக்கத்தின் நடுவே போய்த் தொங்கியது. வரி முறிவை மட்டும் காக்கச் சொன்னால் போதும், அதை ஒட்டிய ஸ்பேஸ்களை அதுவே விழுங்கிவிடும் என்பது விளங்கியபோது இரவு ஒரு மணி.

அப்பாடா என்று தலைப்புகளைப் பார்த்தால் ‘மு ருகா’! முதல் எழுத்துக்குச் சிவப்பு டேக், மீதிக்கு வேறு டேக். அந்த இரண்டுக்கும் நடுவில் வரி முறித்தது தம்பி அல்ல, என் ஸ்டைல்ஷீட்; எக்ஸ்எம்எல்லைப் பக்க அமைப்பாக மாற்றும் எக்ஸ்எஸ்எல்டி கோப்பு. பழைய வேலையிலிருந்து நகலெடுத்தபோது இன்டென்ட் ‘யெஸ்’ என்று இருந்ததை நான் பார்க்கவே இல்லை. எழுத்தும் டேக்கும் கலந்து வரும் ஆவணங்களில் அது பொதுவாக ஆபத்து என்று 1999-லேயே எக்ஸ்எஸ்எல்டி விதிகளில் எழுதியிருக்கிறார்கள். யார் படித்தது? (அவனைத் திட்டியதில் பாதியைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். பாதிதான்.)

இப்போது கோப்பைப் படிக்க மட்டும் என்று பூட்டியாயிற்று. காலையில் வந்து நிற்கிறான்: “அக்கா, ஏன் சேமிக்க முடியல?”